பாதம் என்று ஒரு கட்டம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சாப்பிட்ட தட்டைக் கழுவ மனைவி சொல்லிவிடுவாளோ என்று செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தபோது நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற ஆய்வு நிலையத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண். நான் உட்கார்ந்த நாற்காலியில்தான் உட்காருகிறாள். அதன் ஒரு கால் ஆடுவதற்கு நான்தான் காரணம் என்று அவளுக்குச் சந்தேகம்.

"சார், ஒரு டவுட். மண்ணு எடுக்கற ஃபாரத்தை எல்லாம் இனிமே டேப்லெட்ல ஏத்தறோம். ஓடை பேரு, இடம், தேதி, சல்லடை அளவு, எல்லாம் புரியுது. கடைசில 'பாதம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எல்லா ஃபாரத்துலயும் உங்க கையெழுத்துல 'சரி'னு இருக்கு. பாதம்னா இன்னா சார், அளவா?"

"இல்லம்மா. பாதம்னா பாதம்தான். காலு."

"யாரு காலு?"

"என்னுது."

பிறகு மரியாதை குறையாமல் கேட்டாள்: "சார், அந்தக் கட்டத்தை எடுத்துடலாமா? டேப்பு ஒத்துக்கமாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டம் என் உத்தியோக வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதக்கம். அதை எடுத்தால் என்னையே எடுத்த மாதிரி. "அது பெரிய கதைம்மா" என்றேன்.

"சொல்லுங்க சார். நான் செங்கம் பக்கம் ஒரு ஓடையில நிக்கறேன். சிக்னல் ஒரே ஒரு பாறை மேலதான் வருது. அதனால நான் எப்படியும் நகரமாட்டேன்."

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் அவசரத்தில் விட்டுப்போன சில அவமானங்களையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். ஒரு மலை ஆயிரம் வருடத்தில் எவ்வளவு கரைகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அதற்கு மலைமேல் ஏறி அளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கும் ஓடையில் இரண்டு கிலோ மண் அள்ளினால் போதும். மேலே எங்கெங்கோ இருந்து அடித்து வந்த துகளெல்லாம் அதில் கலந்திருக்கும். விண்வெளியிலிருந்து எந்நேரமும் ஒரு கதிர் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. அது மண்ணில் இருக்கும் வெள்ளைக் கல்லில் பட்டால் பெரிலியம் என்று ஒரு பொருள் துளித் துளியாகச் சேரும். வெயிலில் நின்றவன் முதுகு கறுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை மெதுவாகக் கரைந்தால் கல் ரொம்ப காலம் மேலேயே கிடந்து நன்றாகக் கறுத்துவிட்டு வரும். வேகமாகக் கரைந்தால் கறுக்க நேரமில்லாமல் வெளுப்பாக ஓடிவரும். டில்லியில் ஒரு பெரிய இயந்திரம் அந்தக் கறுப்பை எண்ணிச் சொல்லும்.

நான் சேர்ந்தது மூட்டை தூக்க. பத்தாவது படித்தவன், அடி அண்ணாமலை ஆள், கால் பலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் ஒரு வாடகைக் கட்டடம்தான் எங்கள் நிலையம். செய்யாறு, தென்பெண்ணை, ஜவ்வாது மலையில் பேர் இல்லாத ஓடைகள் என்று மண்ணாக அள்ளிச் சுமந்தேன். அப்படியே சலிக்கக் கற்றேன், காந்தத்தை ஓட்டிக் கறுப்பு மண்ணைப் பிரிக்கக் கற்றேன், ஆசிட்டுக்குப் பயப்படக் கற்றேன். இருபத்திரண்டு வருடம் இதில் ஓடிப்போனது. அத்தனை வருடமும் நான் தற்காலிகப் பணியாளர். மலை நிரந்தரம், அதை அளப்பவன் தற்காலிகம் என்று என் மனைவி கன்னியம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் இந்திராணி மேடம். திட்டவே மாட்டார். குரலும் உயராது. அவரிடம் இருந்த ஆயுதம் ஒரே கேள்விதான்: "எப்படித் தெரியும்?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "மேடம், டீ ஆறிடும்" என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். அவர் மேஜை டிராயரிலிருந்து வெப்பமானியை எடுத்து டீயில் விட்டு, கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதினோரு நிமிடம் கழித்து, "ஆமாம் ஏழுமலை, ஆறிடுச்சு" என்று சொல்லி அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்தார். அன்றிலிருந்து அவர் எதிரில் நான் எதையும் உறுதியாகச் சொன்னதில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றபோதுகூட "மழை பெய்யற மாதிரி இருக்கு மேடம்" என்றுதான் சொன்னேன்.

மண் எடுப்பதற்கு மேடம் வைத்திருந்த முறை இது. அவர் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு மேலே ரோடு, பாலம், கிணறு, வீடு எதுவும் இருக்கக் கூடாது. ஒரே குழியில் அள்ளாமல் ஓடையின் குறுக்கே நாலைந்து இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக எடுக்க வேண்டும். இரண்டு பித்தளைச் சல்லடை. பெரிய கண்ணில் விழுந்து சின்னக் கண்ணில் நிற்பது மட்டும் துணிப்பைக்குள் போகும். பைக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு, நோட்டில் ஒரு வரி. ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு மூணு தடவை?" என்று கேட்டார். மேடம் பொறுமையாகச் சொன்னார்: "பை நனைஞ்சா வெளிச்சீட்டு போயிடும். பை கிழிஞ்சா உள்சீட்டு போயிடும். அதுக்குத்தான் நோட்டு."

"நோட்டே தொலைஞ்சா?"

"ஏழுமலையைக் கேட்டாப் போதும்."

நான் அப்போது கதவோரம் டீ டம்ளர்களோடு நின்றிருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் எனக்குக் கொடுக்காத சர்டிபிகேட் அது. அந்த வார்த்தையைத்தான் பிற்பாடு நான் குரங்குக்கு விற்றேன்.

நம் திருவண்ணாமலை மலையில் இருந்து அடி அண்ணாமலைப் பக்கம் ஓர் ஓடை இறங்குகிறது. கிரிவலப் பாதைக்கு அடியில் ஒரு சின்னப் பாலத்தில் நுழைந்து ஏரிக்குப் போகும். மேடம் ஊர் உலகத்து மலையெல்லாம் அளந்துவிட்டு, கடைசியில் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையை அளக்கலாம் என்று முடிவு செய்தார். கார்த்திகை தீபம் முடிந்ததும் அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று. சிவப்புப் புள்ளி பாதைக்கு மேலே, முள்ளுக்காட்டுக்குள் நன்றாக உள்ளே இருந்தது. முந்தின நாளே போய்ப் பார்த்து இடத்தின் அளவுகளை நோட்டில் குறித்துவைத்திருந்தேன். மறுநாள் மண் எடுக்க மட்டும் தனியாகப் போனேன்.

பாதையிலிருந்து ஏறி நூறடி தாண்டியிருக்க மாட்டேன். ஒரு குரங்கு வந்து சின்னக் கண் சல்லடையை எடுத்துக்கொண்டு ஆலமரத்தில் ஏறிவிட்டது. பித்தளை பளபளவென்று இருந்தது அதற்குப் பிடித்துவிட்டது. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதன் வழியாக என்னைப் பார்த்தது. என் எலுமிச்சை சாதத்தைக் காட்டினேன். அது வரவில்லை, அதன் உறவினர்கள் வந்தார்கள். சாதம் போயிற்று, வாழைப்பழம் போயிற்று, துண்டும் போயிற்று. ஒன்றரை மணி நேரம் கழித்து அதற்கே அலுத்துப்போய்ச் சல்லடையைக் கீழே போட்டது.

பசி, முள், உச்சி வெயில். திரும்பிப் பாதைக்கு இறங்கினேன். பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் ஓடையில் மண் அழகாகப் படிந்து கிடந்தது. மேலே இருக்கிற மண்தானே கீழே வரப்போகிறது, இந்தத் தூரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே ஒரு மீட்டிங் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டேன். அங்கேயே அள்ளிச் சலித்துக் கட்டினேன். இரண்டு சீட்டிலும் நோட்டிலும் மேலே இருக்கும் புள்ளியின் அளவை எழுதினேன். மூன்றும் ஒன்றுக்கொன்று அப்படியே ஒத்துப்போயிற்று. பொய் ஒத்துப்போகிற அளவுக்கு உண்மை ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை.

பல மாதம் கழித்து டில்லியிலிருந்து முடிவு வந்தது. மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சுற்றுவட்டார மலைகளெல்லாம் ஆயிரம் வருடத்துக்கு ஒரு விரல்கடை கரைந்துகொண்டிருக்க, நம் மலை மட்டும் ஒரு ஜாண் கரைகிறதாம். உங்களுக்கும் எனக்கும் ஒரு ஜாண் பெரிதில்லை. ஆனால் கருங்கல் மலை அந்த வேகத்தில் கரைவது, கோயில் யானை தண்டால் எடுக்கிறது என்று சொல்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் கோவிந்தன் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மலை ஆயிரம் வருஷத்துக்கு ஒரு ஜாண் கரையுதாம்பா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் டீக்கடையில் அந்த ஆயிரத்தைக் காணோம்.

"இன்னா ஏழுமலை, வருஷத்துக்கு ஒரு ஜாண் கரையுதாமே? தீபத்துக்குக் கொப்பரையை எங்க வெக்கிறது?" என்றான் கோவிந்தன்.

அந்த வாரக் கடைசிக்குள் செய்தி ரமணாசிரமம் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே விடுதி நடத்துகிற ஒருவர் நேராக எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "சார், ரூம்ல இருக்கிற வெள்ளைக்காரங்க கேக்கறாங்க, மலை எத்தினி நாளைக்குத் தாங்கும்னு. ஒண்ணும் பிரச்சனை இல்ல, எனக்கு மார்ச் வரைக்கும் புக்கிங் இருக்கு. அது வரைக்கும் நின்னாப் போதும்" என்றார்.

மேடம் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. எண் சரியா என்பதுதான் அவர் கவலை. டில்லிக்குப் போன் போட்டு, "எப்படித் தெரியும்?" என்று கேட்டார். இயந்திரம் சரியாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் தப்பு தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டார். ஆசிட் அளவு தப்பா, கழுவினது போதவில்லையா என்று தான் செய்த ஒவ்வொன்றையும் மூன்று நாள் உட்கார்ந்து சரிபார்த்தார். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் சந்தேகப்பட்டார். நான் எழுதிய வரியை மட்டும் சந்தேகப்படவில்லை. "இடம் சரியா இருக்கு. ஏழுமலை எடுத்தது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பினார். நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கொஞ்ச தூரத்தில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. என் பணி நிரந்தரக் கோப்பு அப்போதுதான் மேடத்தின் மேஜைக்கு வந்திருந்தது. 'இவர் பணியில் குறை ஏதும் உண்டா?' என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அடுத்த மாதம் டில்லியில் ஒரு பெரிய கூட்டம். அதில் மேடம் இந்த எண்ணைப் படிக்கப் போகிறார். எண் தப்பானால் நாடே சிரிக்கும்.

ஒரு நாள் மதியம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கன்னியம்மா எதிரில் உட்கார்ந்து குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் விடிந்ததும் வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பி, மதியச் சமையலுக்கு வந்துவிடுவாள்.

"இந்த வெடிப்பு இன்னும் ஆறலைங்க" என்றாள். "போன கார்த்திகைக்கு முன்னாடி பாதை ஓரத்துல மண்ணு பரப்புனாங்களே, அப்ப குத்துனது."

"மண்ணு எங்கனா குத்துமா?"

"மண்ணா அது? ஆத்து மண்ணு கிடைக்கலன்னு யாரோ காண்டிராக்டரு எம்-சாண்டைக் கொட்டிட்டாரு. கண்ணாடித் தூள் மாதிரி. நான் அப்பவே சொன்னேன், நீங்க எங்க காதுல வாங்கினீங்க. ஜனங்க கத்துன கத்துல எல்லாத்தையும் வாரி ஓடையில தள்ளிட்டாங்க."

"எந்த ஓடை?"

"நம்ம பாலத்து ஓடைதான். கீழ்ப்பக்கம்."

சோற்று உருண்டை தொண்டையில் நின்றுவிட்டது. எம்-சாண்ட் என்பது குவாரியில் பூமிக்கு அடியில் ஆழமாக வெடி வைத்து எடுத்த பாறையை அரைத்த மண். வெயிலே பார்க்காத கல். விண்வெளிக் கதிர் அதைத் தொட்டதே கிடையாது. பெரிலியம் கிட்டத்தட்ட சைபர்; அது குறைந்தால் மலை வேகமாகக் கரைகிறது என்று கணக்கு. டில்லி இயந்திரம் பாவம், அதற்குக் கொடுத்ததை எண்ணியது. நான் மலையை அனுப்பவில்லை. யாரோ வீடு கட்டுகிற சரக்கைச் சலித்து, மூன்று இடத்தில் பொய் எழுதி, டில்லிக்கு அனுப்பியிருக்கிறேன்.

"இன்னாங்க ஆச்சு? முழுங்குங்க" என்றாள் கன்னியம்மா. விஷயத்தைச் சொன்னேன். நிரந்தரக் கோப்பைப் பற்றியும் சொன்னேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு, "அந்தம்மா உங்களை நம்பித்தான பக்கத்தைத் திருப்புறாங்க?" என்று மட்டும் கேட்டாள். சொல்லுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குள் போனேன். நிரந்தரக் கோப்பு மேஜைமேல் திறந்தபடி இருந்தது. அதைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குரங்கு வரும் இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன்.

மேடம் முழுதும் கேட்டார். முடித்ததும், "எப்படித் தெரியும்?" என்றார்.

"பொய் எழுதினது நான்தானே மேடம். எனக்குத் தெரியாதா?"

"அதைக் கேக்கலை. அது எம்-சாண்ட்னு எப்படித் தெரியும்?"

"என் பொஞ்சாதி காலு சொல்லுது மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு, "ஒரு ஜோடி கால் போதாது ஏழுமலை. நிறைய கால் வேணும்" என்றார். நிறைய கால் எங்கே கிடைக்கும் என்று திருவண்ணாமலையில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நாலு நாளில் பௌர்ணமி வந்தது.

பௌர்ணமியன்று காலை ஏழு மணிக்குக் கோவிந்தன் கடைக்கு எதிரில் வேப்பமரத்தடியில் கலவை சுமக்கிற அகலச் சட்டியான சிமெண்ட் பாண்டு இரண்டை வைத்தோம். ஒன்றில் ஓடையின் மேல்பக்கத்து மண். விடிந்ததும் முள்ளில் ஏறி நானே எடுத்து வந்தது. இன்னொன்றில் பாலத்துக்குக் கீழ்ப்பக்கத்து மண். எது எது என்று தெரிந்தால் ஜனங்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள் என்று மேடம் சொன்னதால், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். "குத்துதா?" என்று மேடம் கேட்பார். "குத்துது", "குத்தலை" என்று நான் கோடு போடுவேன். முதலில் மேடமே நின்று பார்த்தார். பூட்ஸ் இல்லாமல் அவர் காலை நான் பார்த்தது அன்றுதான். இரண்டாவது பாண்டில் ஏறினதும் அவர் முகம் கோணிற்று. ஆனால் "என் கால் கணக்கில் வராது, எனக்கு முன்னாலேயே தெரியும்" என்று இறங்கிவிட்டார்.

முதல் பத்துப் பேரைக் கூப்பிட்டு நிறுத்தப் பெரும் பேஜாராக இருந்தது. அதற்குப் பிறகு கூப்பிட வேண்டியிருக்கவில்லை. படித்த அம்மா ஒருத்தர் கண்ணை மூடச் சொல்லி மண்ணில் நிற்கவைக்கிறார் என்றால் அதில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று வரிசை கட்டிவிட்டார்கள். யாரோ பாண்டுக்குப் பொட்டு வைத்தார்கள். கோவிந்தன் கேட்பவர்களுக்கெல்லாம், "முதல்ல இடது பாண்டு, அப்புறம் வலது. தள்ளாம வாங்க" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தான். ஓர் அம்மாள் என்னிடம் ரகசியமாக, "மூட்டு வலிக்கு எதுல ஜாஸ்தி நேரம் நிக்கணும்?" என்றார்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் இரண்டாவது பாண்டில் கண்ணை மூடி நின்றவள் கால் மணி நேரம் இறங்கவே இல்லை. வரிசை நின்றுவிட்டது. மேடம் பொறுமையாக ஆங்கிலத்தில் கேட்டதற்கு, குத்துகிறதுதான், ஆனால் மனதுக்கு அமைதியாக இருக்கிறது என்றாள். நான் "குத்துது" என்பதில் கோடு போட்டேன். அமைதிக்கு எங்கள் படிவத்தில் இடம் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்த செங்கத்துப் பெரியவர் இரண்டிலும் ஏறி இறங்கிவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. கரும்புத் தோகையில நடந்த காலு" என்றார். மேடம் அவரை வணங்கிவிட்டு, 'உணர்வு கம்மி' என்று எழுதச் சொன்னார்.

கூட்டத்தைப் பார்த்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். "இன்னா மேடம் இது? பர்மிஷன் இருக்குதா?" என்றார். மேடம் விளக்கினார். அவர் சந்தேகத்தோடு பூட்ஸைக் கழற்றி இரண்டிலும் நின்றார். இரண்டாவதில் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இது எம்-சாண்ட் மேடம். என் வீடே இதுலதான் கட்டியிருக்கேன். ஆறு மாசம் சித்தாள் இல்லாம நானே மிதிச்சது."

வெயில் ஏறி மண் சுட ஆரம்பித்ததும் மேடம் போதும் என்றார். பெரியவர் ஒருவரைத் தவிர அத்தனை காலும் ஒரே தீர்ப்பைச் சொல்லியிருந்தது. மேடம் கோடுகளை இரண்டு முறை எண்ணினார். பிறகு நோட்டை மூடிவிட்டு, "உங்க வீட்டம்மா சொன்னது சரி" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டில்லிக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. எண்ணைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதிவிட்டார். அந்த மலைக்காக அத்தனை மாதம் உழைத்தவர் பேச வேண்டிய நேரத்தில் வேறு யாரோ பேசினார்கள். என்னால்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு மெமோ வந்தது. இடத்தைத் தவறாகக் குறித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார். நான் இரண்டு பக்கம் எழுதினேன்; ஒன்றே முக்கால் பக்கம் குரங்குதான். அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால், 'மண்ணை அள்ளியது குரங்கா?' என்று இருந்தது. இரண்டாவது முறை இரண்டே வரி எழுதினேன்: 'சோம்பேறித்தனத்தால் கீழே அள்ளினேன். மேலே அள்ளியதாக எழுதினேன்.' அதை வாங்கிக்கொண்டார்.

நிரந்தரக் கோப்பில், குறை ஏதும் உண்டா என்ற இடத்தில் மேடம் 'உண்டு' என்று எழுதிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பதறிப்போய்ப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "மேடம், இந்த இடத்துல இதுவரைக்கும் யாரும் உண்டுன்னு எழுதினதே இல்ல. ஃபைல் எப்படி நகரும்?"

"கீழ இருக்கறதையும் படிங்க" என்றார் மேடம்.

அவர் படித்தார். நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். 'ஒரு முறை பொய்யான இடம் எழுதினார். யாரும் கண்டுபிடிக்காத நிலையில், இந்தக் கோப்பு என் மேஜையில் இருக்கும்போதே, தானாக வந்து சொன்னார். நோட்டு தொலைந்தால் இவரைக் கேட்கலாம் என்று முன்பு நம்பினேன். இப்போது தெரியும்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய், வாங்காமலே திரும்பி வந்தேன். கோப்பு நகர ஒரு வருடம் ஆயிற்று. என்னோடு இருந்த மற்றவர்கள் எனக்கு முன்னால் நிரந்தரம் ஆனார்கள். பரவாயில்லை.

இடையில் மேடமும் நானும் சேர்ந்தே முள்ளில் ஏறி, சிவப்புப் புள்ளியிலேயே மண் எடுத்தோம். இந்தத் தடவை குரங்கு மேடத்தின் தொப்பியை எடுத்துக்கொண்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சலித்துக்கொண்டிருந்தார். முடிவு வந்தது: நம் மலை ஆயிரம் வருடத்துக்கு ஒரு விரல்கடைகூட முழுதாகக் கரையவில்லை. விடுதிக்காரரிடம் சொன்னேன். மார்ச்சுக்கு மேலேயும் புக்கிங் வாங்கலாம் என்று சந்தோஷப்பட்டார்.

அதற்குப் பிறகு அச்சடித்த படிவங்களில் மேடம் ஒரு கட்டம் சேர்த்தார். மண் எடுக்கப் போகிறவர் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் நிற்க வேண்டும். குத்தினால் மேலே போக வேண்டும். குத்தாவிட்டால் 'பாதம்: சரி' என்று எழுதி அள்ளலாம். அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், டில்லி இயந்திரக்காரர்களுக்கு அடுத்ததாக, 'திருமதி கன்னியம்மாவின் பாதங்களுக்கு' என்று இருந்தது. கன்னியம்மா அந்தப் பக்கத்தை மட்டும் லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். என் நிரந்தர ஆணை பீரோவுக்குள் இருக்கிறது.

இவ்வளவையும் நிவேதாவிடம் சொல்லி முடித்தபோது காது சுட்டது. "கதை சூப்பர் சார்" என்றாள். "ஆனா இப்ப சாட்டிலைட் மேப் இருக்கு. மேல ரோடு இருக்கா வீடு இருக்கான்னு ஆபீஸ்லயே பாத்துட்டுத்தான் கிளம்பறோம். இந்த ஓடைக்கு மேல ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

மேடம் இருந்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கிற தகுதி எனக்குக் கிடையாது. நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சமையல் கட்டிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா ஈரக்கையோடு வந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா நிவேதா, காலுல இன்னா போட்டிருக்க?"

"ஷூ, ஆன்டி."

"கழட்டும்மா. சாக்ஸையும் கழட்டு. பாறையை விட்டு எறங்கி மண்ணுல நில்லு."

"இறங்கினா சிக்னல் போயிடும் ஆன்டி."

"போனாப் போவுது. நின்னு பாத்துட்டு மறுபடி ஏறி கூப்பிடு."

லைன் அறுந்தது. நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேடத்தின் டீயாக இருந்தால் பாதி ஆறியிருக்கும். போன் அடித்தது. கன்னியம்மா மறுபடி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்டி." குரல் இறங்கியிருந்தது. "குத்துது."

"அப்ப அள்ளாத" என்றாள் கன்னியம்மா. "மேல ஏறு."